கதையை ரசித்துக் கேட்கிறார்கள், வரி வாசிக்க வரவில்லை: 1 முதல் 3-ஆம் வகுப்பு வரை என்ன வழி?

ஈராசிரியர் பள்ளி:
அனைவருக்கும் வணக்கம். 1 முதல் 3 வரை ஒரே அறை, 22 பிள்ளைகள், தமிழ்நாடு அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்ட வகுப்பு. அரும்பு (தொடக்க நிலை), மொட்டு (இடை நிலை), மலர் (முன்னேறிய நிலை) மூன்று நிலையிலும் பிள்ளைகள் உண்டு. கதை சொன்னால் அசையாமல் கேட்கிறார்கள், திருப்பிச் சொல்லவும் செய்கிறார்கள். அதே கதையின் நாலு வரியைப் பலகையில் எழுதினால் பாதிப் பேர் விழிக்கிறார்கள், மீதிப் பேர் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். கதைக்கும் எழுத்துக்கும் நடுவில் என்ன விட்டுப்போகிறது? எந்தக் கதையை எடுக்கலாம், எத்தனை நாள் ஓட்டலாம் என்று விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும். ‘கதை சொன்னால் வாசிப்பு தானாக வரும்’ என்ற பதில் வேண்டாம்.

கரும்பலகை:
தானாக வராது டீச்சர், அதை முதலிலேயே ஒப்புக்கொள்வோம். 1986-இல் பிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற இருவர் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள்: எழுத்தைக் கூட்டிச் சொல்லாக்கும் திறன் × மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன். பெருக்கல் என்பதால் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். கதை சொல்வது இரண்டாவதை வளர்க்கும். முதலாவதைத் தொடக்கூட இல்லை. உங்கள் பிள்ளைகள் திருப்பிச் சொல்கிறார்கள் என்றால் இரண்டாவது நன்றாகவே இருக்கிறது. அடுத்து, அதே கதையை எழுத்தின் பக்கம் இழுத்து வரவேண்டும்.

அதற்கு எல்லாக் கதையும் சரிப்படாது. ஒரே வாக்கிய அமைப்பு திரும்பத் திரும்ப வரவேண்டும், ஒரே எழுத்துக்குறி பல சொற்களில் வரவேண்டும். என் தேர்வு, பெயரை மறந்த ஈயின் கதை. வீடு மெழுகும் மும்முரத்தில் தன் பெயரை மறந்த ஈ, கன்றுக்குட்டியில் தொடங்கி ஒவ்வொருவரிடமும் ‘என் பெயர் என்ன?’ என்று கேட்டுக்கொண்டே போகும். கடைசியில் குதிரை ‘ஈஈஈ’ என்று கனைக்கும். ஊருக்கு ஊர் சங்கிலி மாறும், மாற்றிக்கொள்ளவும் நமக்கு உரிமை உண்டு.

இந்தக் கதையை ஏன் எடுக்கச் சொல்கிறேன் என்றால், ஈ எல்லோரையும் விளித்துக் கூப்பிடுகிறது. தாயே, கோலே, மரமே, குளமே. ஏறக்குறைய வரிக்கு வரி கடைசி எழுத்தில் ‘ஏ’. தனியாக இரட்டைக்கொம்புப் பாடம் நடத்த வேண்டாம், கதைக்குள்ளேயே இருக்கிறது. இன்னொன்றும் பாருங்கள். மரம் + ஏ = மரமே. குளம் + ஏ = குளமே. மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் பிறப்பதைப் பிள்ளை தன் வாயாலேயே செய்துவிடுகிறது. ‘ம்’ போய் ‘மே’ வந்ததைக் காட்ட வேண்டியதுதான் பாக்கி.

முதல் வாரத்துக்கு எட்டுக் கண்ணி போதும்:

கொழு கொழு கன்றே
கன்றின் தாயே
தாயை மேய்க்கும் அண்ணா
அண்ணன் கைக் கோலே
கோல் தந்த மரமே
மரத்தில் இருக்கும் கொக்கே
கொக்கு நிற்கும் குளமே
குளத்தில் நீர் குடிக்கும் குதிரையே
என் பெயர் என்ன?

இரண்டாம் வாரம் கடைசிக் கண்ணியை எடுத்துவிட்டு, குளமேவுக்குப் பின்னால் மீனே, மீன் பிடிக்கும் மாமா, மாமா கைச் சட்டியே, சட்டி ஆன மண்ணே, மண்ணில் முளைக்கும் புல்லே, புல்லைத் தின்னும் குதிரையே என்று நீட்டலாம். மொத்தம் 13.

சொல்லும் பொருளும்:
நல்ல தேர்வு. ‘தாயை மேய்க்கும் அண்ணா’ என்று கரும்பலகை மாற்றியிருப்பதை எல்லோரும் கவனிக்க வேண்டும் என்று தனியாகச் சொல்கிறேன். வழக்கில் உள்ள பாடத்தில் இடையா, குயவா என்று சமூகப் பெயரைச் சொல்லி விளிப்பது வரும். அந்த வீட்டுப் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கும். இன்று கதையில் வந்த விளி, நாளை விளையாட்டுத் திடலில் கேலிப் பெயராகும். அண்ணா, அக்கா, மாமா, பாட்டி என்று உறவுமுறையில் கூப்பிட்டால் கதைக்கு ஒரு குறையும் வராது. இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

ஈராசிரியர் பள்ளி:
மிக்க நன்றி. அண்ணா, மாமா என்றே வைத்துக்கொள்கிறேன். நாள்வாரியாக எப்படிப் பிரிப்பது? கதையைப் பேச்சுத் தமிழில் சொல்வதா, எழுத்துத் தமிழிலா? இங்கே பிள்ளைகள் ‘கன்னுக்குட்டி’, ‘கொளம்’ என்றுதான் சொல்வார்கள்.

கரும்பலகை:
இதுதான் தமிழில் பெரிய இடைவெளி டீச்சர். பிள்ளை பேசும் தமிழ் ஒன்று, புத்தகத்தில் இருக்கும் தமிழ் வேறு. ‘கொளத்துல’ என்று கேட்டுப் பழகிய காதுக்கு ‘குளத்தில்’ புதுச்சொல் மாதிரிதான். எழுத்துக்கூட்டிச் சரியாக வாசித்தாலும், வாசித்தது தனக்குத் தெரிந்த சொல் என்று பிள்ளைக்கு உறைக்காது.

என் முறை இது. கதையை நடத்திச் செல்லும் பேச்சு முழுக்க உங்கள் ஊர்த் தமிழ். ‘அந்த ஈ என்ன பண்ணுச்சு, வூட்ட மொழுவிக்கிட்டே இருந்துச்சு’ என்றே சொல்லுங்கள். ஈ கேட்கும் கேள்வி மட்டும் முதல் நாளிலிருந்தே எழுத்துத் தமிழ்: ‘குளத்தில் நீர் குடிக்கும் குதிரையே, என் பெயர் என்ன?’ பாட்டுப்போல ராகம் போட்டுச் சொல்வதால் ஒருவருக்கும் உறுத்தாது. சார்ட்டில் ஏறப்போவதும் அந்தக் கேள்விதான். எழுத்தைப் பார்க்கும் முன்பே காதுக்கு அந்த வடிவம் பழகியிருக்கும்.

நாள்கள்:

திங்கள். கதை மட்டும், 10 நிமிடம். பலகையில் ஒன்றும் எழுத வேண்டாம், படமும் வேண்டாம். குதிரை வாயைத் திறக்கும் இடத்தில் நிறுத்தி, ‘இந்தக் குதிரைக்குப் பெயர் தெரிந்திருக்குமா?’ என்று கேட்டு நாலைந்து ஊகம் வாங்கிய பிறகு முடியுங்கள்.

செவ்வாய். எட்டுப் பட அட்டைகள். நீங்கள் சொல்லச் சொல்ல எட்டுப் பேர் அட்டையோடு வரிசையில் வந்து நிற்கட்டும். பிறகு அவர்களைக் கலைத்துவிட்டு மற்றவர்கள் வரிசைப்படுத்தட்டும். கேள்வியை எல்லோரும் சேர்ந்து சொல்ல, பட்டியல் நீள நீள மூச்சுப் பிடிக்க வேண்டியிருக்கும். அதுதான் இந்தக் கதையின் சுகம்.

புதன். சார்ட். ஒரே சார்ட்டில் ஒன்பது வரியையும் அடைக்காதீர்கள், எழுத்து சுருங்கிவிடும். கடைசி வரிசை 4 மீட்டர் தள்ளி இருந்தால் எழுத்தின் உயரம் 3 செ.மீ.க்குக் குறையக் கூடாது. ‘குளத்தில் நீர் குடிக்கும் குதிரையே’ 16 எழுத்து, நடுவில் 3 இடைவெளி. 28 அங்குல சார்ட்டை அகலவாக்கில் வைத்தால்தான் ஒரு வரியில் நிற்கும். இரண்டு சார்ட், ஒன்றில் 5 வரி, அடுத்ததில் 4. சொல்லுக்குச் சொல் நல்ல இடைவெளி விடுங்கள், ஒரு சொல்லை இரண்டு வரியில் உடைக்காதீர்கள். குச்சி சொல்லின் அடியில் நிற்க வேண்டும். எழுத்தை மறைக்கக் கூடாது, வரியின் மேல் சறுக்கிக்கொண்டு ஓடவும் கூடாது.

வியாழன். வரிகளைத் துண்டுகளாக வெட்டி அடுக்குவது, பிறகு சொல் அட்டை.

வெள்ளி. பிள்ளைகளின் சொந்தக் கண்ணி. இதைப் பற்றி வேறு யாராவது எழுதட்டும், நான் ஏற்கனவே நீட்டிவிட்டேன்.

அகரவரிசை:
எனக்கு ஒரு மறுப்பு உண்டு. அரும்பு நிலைப் பிள்ளைக்கு இன்னும் பத்து எழுத்துகூடத் திடமாகத் தெரியாது. அவன் முன்னால் ‘கொழு கொழு கன்றே’ என்று ழகரம், ஒற்றைக்கொம்போடு துணைக்கால், றகரம் எல்லாவற்றையும் கொட்டினால் பார்த்து ஊகிக்கத்தான் பழகுவான். தெரிந்த எழுத்தால் ஆன சொல்லைத்தான் முதலில் வாசிக்கத் தர வேண்டும். இந்த வகுப்பில் ஒப்பிக்கிறார்களே, அதற்குக் காரணமே இதுதான் என்பது என் எண்ணம்.

கரும்பலகை:
ஐயா சொல்வதில் பாதியை அப்படியே ஏற்கிறேன். சார்ட் என்பது ஆசிரியரோடு சேர்ந்து வாசிப்பதற்கு. சொல் சொல்லாகத்தான் எழுதுவோம், இடமிருந்து வலம் போவோம், வரி முடிந்தால் கீழே இறங்குவோம், சொன்னதும் எழுதியதும் ஒன்றுதான் என்பதெல்லாம் அங்கே பதியும். பிள்ளை தானாகக் கூட்டி வாசிக்க வேண்டிய சொற்கள் வேறு. அவை நாலே நாலு: தாயே, கோலே, மரமே, குளமே. அரும்புக்கு முதல் வாரம் வேறு எதையும் கேட்காதீர்கள்.

இந்த நாலும் குருட்டாம்போக்கில் எடுத்தவை அல்ல. ‘மரம்’ என்று சொல்லிக் கைதட்டச் சொன்னால் பிள்ளை ம-ரம் என்று இரண்டு தட்டும், எழுத்தோ மூன்று. புள்ளி வைத்த எழுத்துக்குத் தட்டே விழாது. எழுதும்போது ‘மர’ என்று நிறுத்திவிடுவதற்குக் காரணம் அதுதான். ‘மரமே’ என்றால் ம-ர-மே, மூன்று தட்டு, மூன்று எழுத்து. குளமே மூன்றுக்கு மூன்று, தாயே, கோலே இரண்டுக்கு இரண்டு. காதும் கண்ணும் ஒரே கணக்குச் சொல்லும் இடத்தில் தொடங்குகிறோம். அது திடமான பிறகு ‘மரமே, மரம்’ என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கடைசித் தட்டு எங்கே போனது என்று தேடச் சொல்லலாம்.

நன்னூல் மாணவி:
அட்டைகளை எந்த வரிசையில் இறக்குவது என்பதற்கு இலக்கணமே உதவுகிறது. பிள்ளைகளுக்குச் சொல்ல அல்ல, நமக்குத் தெரிந்திருக்க.

முதல் கட்டு: தாய், கோல், மரம், குளம், மீன். கடைசி மெய் மேல் ‘ஏ’ ஏறி உட்கார்கிறது, வேறு மாற்றமே இல்லை.

இரண்டாம் கட்டு: கன்று, கொக்கு. கடைசி உகரம் ஓடிவிட்டு ஏகாரம் வருகிறது. கன்றே, கொக்கே.

மூன்றாம் கட்டு: மண், புல். ஒரே குறில், அடுத்து ஒற்று. அந்த ஒற்று இரட்டிக்கும்: மண்ணே, புல்லே. ‘மணே’, ‘புலே’ என்று எழுதும் பிள்ளை தப்பான தர்க்கத்தில் எழுதவில்லை. மரமே, மீனே மாதிரியே செய்து பார்த்திருக்கிறது. வாயால் இரண்டையும் சொல்லவைத்து எது காதுக்குச் சரியாக இருக்கிறது என்று கேட்டால் தானே திருத்திக்கொள்ளும்.

நாலாவது: சட்டி, குதிரை. நடுவில் யகரம் வந்து சட்டியே, குதிரையே.

கன்று என்ற சொல்லை இரண்டாம் கட்டுக்குத் தள்ளுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பேச்சில் அது ‘கன்னு’. ஒண்ணு-ஒன்று, மூணு-மூன்று, கன்னு-கன்று என்று மூன்றையும் ஒன்றாகக் காட்டினால் ‘ன்று’ ஒரே நாளில் பிடிபடும்.

அகரவரிசை:
இந்தக் கட்டு முறை இருந்தால் என் மறுப்பு பெருமளவு தீர்ந்தது. இரட்டைக்கொம்பு பற்றி ஒன்று சேர்க்கிறேன், அங்கேதான் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். ஒலி பின்னால் வருகிறது, குறி முன்னால் நிற்கிறது. ‘மரமே’யில் கொம்பு ரகரத்துக்கும் மகரத்துக்கும் நடுவில் இருப்பதால், அதை ரகரத்தோடு ஒட்டி ‘மரேம’ என்று வாசிப்பார்கள். எழுதும்போது மகரத்தை எழுதிவிட்டுக் கொம்பை அதன் பின்னால் போடுவார்கள். அவசரமோ கவனக்குறைவோ இல்லை, காது கேட்ட வரிசையில் கை எழுதுகிறது.

செய்ய வேண்டியவை: கொம்பையும் அது சேரும் எழுத்தையும் ஒரே நிறத்தில் எழுதுங்கள். கொம்புக்கு மட்டும் சிவப்பு அடித்தால் அது தனி எழுத்து ஆகிவிடும். அட்டையை எழுத்தாக வெட்டும்போது ‘மே’ ஒரே துண்டாக இருக்க வேண்டும், கொம்பைத் தனியாக வெட்டவே கூடாது. எழுதும்போது ‘ஏ கேட்டால் கொம்பு முதலில்’ என்று வாயால் சொல்லிக்கொண்டே எழுதட்டும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு என்று எழுத்தில் வேறுபாடு காட்டிய பெருமை 18-ஆம் நூற்றாண்டின் வீரமாமுனிவருக்கு. அந்த ஒரு சுழியால் இன்று நம் பிள்ளைக்குப் படிப்பது எவ்வளவு எளிதாகியிருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு நன்றியாக இருக்கும்.

ஈராசிரியர் பள்ளி:
ஒப்பிக்கிறார்களா, வாசிக்கிறார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சேர்ந்து சொல்லும்போது எல்லோரும் வாசிப்பது போலவே இருக்கிறது.

வாசிப்பு வண்டி:
சேர்ந்து சொல்வதை வைத்து ஒருநாளும் மதிப்பிடாதீர்கள். நாலு பேர் வாசிப்பார்கள், மற்றவர்கள் அரை நொடி தள்ளிப் பின்பாட்டுப் பாடுவார்கள். மூன்று சோதனைகள், ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம்.

ஒன்று, விரல் வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். வாய் ‘குளமே’யில் முடியும்போது விரல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். முன்னாலேயே வரி தீர்ந்துபோனாலோ, சொல் மிச்சம் இருந்தாலோ அது ஒப்பிப்பு.

இரண்டு, வரிகளைக் கலைத்து நடுவிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டுங்கள். முதல் வரியிலிருந்து மனதுக்குள் ஓட்டிப் பார்த்து வருகிறவருக்கு நேரம் பிடிக்கும், உதடு அசையும்.

மூன்றாவதுதான் எனக்கு மிகப் பிடித்தது. சொல் அட்டைகளை மாற்றி ‘மரத்தில் இருக்கும் குதிரையே’ என்று வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உட்காருங்கள். வாசிக்கிற பிள்ளை சிரித்துவிடும். ஒப்பிக்கிற பிள்ளை முகம் மாறாமல் ‘மரத்தில் இருக்கும் கொக்கே’ என்று சொல்லும். சிரித்தவர்களின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு எழுத்தும் வந்திருக்கிறது, பொருளும் வந்திருக்கிறது. சிரிக்காமல் ‘மரத்தில் இருக்கும் குதிரையே’ என்று சரியாகவே வாசிக்கும் பிள்ளையும் இருக்கும். அதற்கு எழுத்து வந்துவிட்டது, ஆனால் கூட்டுவதிலேயே கவனமெல்லாம் போய்விடுகிறது. அந்தப் பிள்ளைக்கு வேகம் வரும்வரை அதே வரிகளை மூன்று நாள் இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து வாசிக்கவிடுங்கள்.

கேள்வி கேட்பது பற்றியும் ஒரு வார்த்தை. ‘ஈ யாரிடம் கேட்டது?’ என்பது ஒரு சொல் பதிலோடு முடிந்துவிடும். 1988-இல் அமெரிக்காவில் கிரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் படப்புத்தகம் வாசிப்பதில் காட்டிய முறை இங்கே நன்றாகவே பொருந்தும். திறந்த கேள்வி கேட்பது, பிள்ளை சொன்னதோடு ஒன்றிரண்டு சொல் சேர்த்து நாம் திருப்பிச் சொல்வது, அதைப் பிள்ளையைச் சொல்லவைப்பது. பிள்ளை ‘கொக்கு நின்னுச்சு’ என்றால், ‘ஆமாம், கொக்கு குளத்தில் ஒற்றைக்காலில் நின்றது. எங்கே, நீ சொல்லு?’ அவ்வளவுதான். ஒரு கதைக்கு மூன்று கேள்விக்கு மேல் போனால் கதை பரீட்சையாகிவிடும்.

மலையடிவாரம்:
வெள்ளிக்கிழமை வேலையைப் பற்றி நான் எழுதுகிறேன். சொந்தக் கண்ணி என்றால் ஈ நம் ஊரில் பறந்தால் யாரிடம் கேட்கும் என்பதுதான். ஆலமரமே, தண்ணித் தொட்டியே, மினி பஸ்ஸே என்று வரும். பிள்ளை சொல்லச் சொல்ல, அதன் கண் முன்னாலேயே பெரிய எழுத்தில் நீங்கள் எழுத வேண்டும். வீட்டில் எழுதி எடுத்து வந்தால் பயன் பாதியாகிவிடும். தன் வாயில் வந்த சொல் எழுத்தாக மாறுவதைப் பார்ப்பதுதான் பாடம். ஒரு நாளைக்கு மூன்று பிள்ளைகள், ஆளுக்கு இரண்டு வரி. அதற்கு மேல் போனால் மற்றவர்கள் கலைந்துவிடுவார்கள். எழுதியதை உடனே நடித்துக் காட்டலாம். சிகாகோவில் மழலையர் ஆசிரியராக இருந்த விவியன் பேலி, பிள்ளைகள் சொல்லும் கதையை அவர்கள் சொன்னபடியே எழுதி, அன்றே வகுப்பை நடிக்கவைப்பதைத் தன் முறையாகவே வளர்த்தார்.

அப்போது ஒரு சிக்கல் வரும். பிள்ளை ‘ஈ வூட்ட மொழுவுச்சு’ என்று சொன்னால் எப்படி எழுதுவது? சொன்னபடியே எழுத வேண்டும் என்பதே என் கட்சி. திருத்தினால் அது பிள்ளையின் வரி இல்லை.

அகரவரிசை:
அதில் உடன்பாடில்லை. பேச்சுக்கு ஒரே எழுத்து வடிவம் கிடையாது. மொழுவுச்சு, மொழுகிச்சு, மொளுவிச்சு என்று மூன்று பேர் மூன்று விதமாக எழுதுவோம். எழுத்துக்கூட்டக் கற்கும் பிள்ளைக்கு ஒரு சொல் ஒரு வடிவத்தில்தான் கண்ணில் பட வேண்டும்.

மலையடிவாரம்:
அந்தக் காரணம் நியாயம். ஆனால் ‘தப்பு, மெழுகியது என்று சொல்’ என்று ஒருமுறை வெட்டிவிட்டால் அந்தப் பிள்ளை அடுத்த வாரம் வாயைத் திறக்காது. வீட்டில் தமிழ் பேசாத பிள்ளைகளும் நம் வகுப்புகளில் உண்டு: தெலுங்கு, உருது, படுகு, இப்போது இந்தியும் ஒடியாவும். அவர்கள் முதலில் ஒரு சொல்லையாவது சொல்லத் துணிய வேண்டும். அது ‘ஈ, வீடு’ என்று இரண்டே சொல்லாக இருந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

கரும்பலகை:
இரண்டையும் சேர்க்க வழி இருக்கிறது. கதாபாத்திரம் பேசுவதைப் பேச்சுக் குமிழிக்குள் பேசியபடியே எழுதலாம். கதை வரியை எழுத்துத் தமிழில் எழுதி, ‘நீ சொன்னதைப் புத்தகம் இப்படிச் சொல்லும்: ஈ வீட்டை மெழுகியது’ என்று வாசித்துக் காட்டலாம். சொன்னது தப்பில்லை, அது வாயின் தமிழ், இது தாளின் தமிழ் என்று பிள்ளை புரிந்துகொள்ளும். ஒரு கதைக்கு ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் பிடியுங்கள். இந்தக் கதைக்கு ‘குளத்துல-குளத்தில்’, ‘மரத்துல-மரத்தில்’. அடுத்த கதைக்கு ‘வந்துச்சு-வந்தது’, ‘போச்சு-போனது’. அதற்கடுத்து ‘வீட்ட-வீட்டை’. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் திருத்தப் போனால் கதையும் போய்விடும்.

மலையடிவாரம் சொன்ன வேற்றுமொழிப் பிள்ளைகளுக்குத் திங்கட்கிழமையே எட்டுப் பொருளையும் படத்திலோ கையிலோ காட்டிவிடுங்கள். மற்றவர்களுக்குச் செவ்வாய்க்கிழமை வரை காத்திருப்பு நல்லது, இவர்களுக்கு அது கதையையே மூடிவிடும்.

ஈராசிரியர் பள்ளி:
தெளிவாகப் புரிகிறது. மூன்று நிலைக்கும் வியாழக்கிழமை வேலையை இப்படிப் பிரித்திருக்கிறேன், சரியா பாருங்கள். அரும்பு: நாலு சொல் அட்டை, படத்தோடு பொருத்துவது, கைதட்டுவது. மொட்டு: வெட்டிய வரிகளை அடுக்கி, விரல் வைத்து வாசிப்பது. மலர்: அடுத்த ஐந்து கண்ணிகளைத் தாங்களே எழுதிப் பார்ப்பது. மலர் பிள்ளைகள் மொட்டுக்குத் துணையாக உட்காரலாமா?

வாசிப்பு வண்டி:
உட்காரலாம், ஒரே நிபந்தனை: மொட்டுப் பிள்ளை தடுமாறினால் ஐந்து விரல் மடக்கும் வரை மலர் பிள்ளை சொல்லித்தரக் கூடாது. உடனே எடுத்துக்கொடுத்தால் கூட்டிப் பார்க்கும் வேலையே நடக்காது. மலர் பிள்ளைகள் எழுதும்போது ‘மணே’, ‘புலே’ வந்தால் அன்றே திருத்த வேண்டாம், நன்னூல் மாணவி சொன்ன மாதிரி மறுநாள் வாயால் சொல்லவைத்துப் பாருங்கள்.

நன்னூல் மாணவி:
டீச்சர், அட்டை செய்யும்போது இதை மறந்துவிடாதீர்கள். ‘ஈ’ என்ற எழுத்து அட்டையை வியாழன் வரை காட்டாதீர்கள், சார்ட்டிலும் தலைப்பாக எழுதிவிடாதீர்கள். வியாழன் கடைசியில் குதிரை கனைத்து முடித்ததும் அந்த ஒற்றை எழுத்தைத் தூக்கிக் காட்டுங்கள். ஒரே எழுத்து, அதுவே ஒரு முழுச்சொல், இத்தனை நாளாக ஈ தேடிய பெயர். அரும்பில் இருக்கும் பிள்ளையும் அதை முதல் பார்வையிலேயே வாசித்துவிடும்.